பேராசிரியர் விட்டுச்சென்ற கணக்கு: விபுலானந்தரும் ஒரு மலையக இசை வகுப்பும்

இலங்கை மலையகப் பாடசாலை மண்டபங்களில் வரிசையாக மாட்டியிருக்கும் படங்களில் ஆறுமுக நாவலருக்குப் பக்கத்தில் காவித் துணியோடு ஒருவர் இருப்பார். பேச்சுப் போட்டி வந்தால் "முத்தமிழ் வித்தகர்" என்று தொடங்கும் பேச்சு அவரைப் பற்றியது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். "யாழ் நூல் எழுதினார்" என்ற வரி எல்லாப் பேச்சிலும் வரும். அந்த நூலுக்குள் என்ன இருக்கிறது என்ற வரி மட்டும் எந்தப் பேச்சிலும் வராது.

நான் தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கர்நாடக சங்கீதம் படிப்பிக்கிறேன். சாதாரண தரப் பரீட்சைக்கு இசையை எடுத்த பிள்ளைகளோடு, விபுலானந்தர் கையாண்ட முறையில் ஒரு சிறு துண்டை வகுப்பறையில் செய்து பார்த்தோம். அதில் என்ன கிடைத்தது, எங்கே முட்டி நின்றது என்பதுதான் இந்த ஆய்வு. ஆனால் ஆளைச் சொல்லாமல் முறையைச் சொன்னால், ஒரு கம்பித் துண்டையும் அடிமட்டத்தையும் காட்டி "இதுதான் அவர் விட்டுப்போன சொத்து" என்று நான் சொல்வது வெறும் வீம்பாகத் தெரியும். ஆகவே முதலில் ஆள்.

காரைதீவு மயில்வாகனம்

1892 மார்ச் 27ஆம் திகதி, கிழக்குக் கரையில் காரைதீவில் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனம். அதே 1892இல்தான் சென்னையில் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு அச்சில் கொண்டுவந்தார். அந்தப் பிள்ளையின் பிற்கால உழைப்பெல்லாம் அந்தப் புத்தகத்தின் ஒரு காதையிலேயே போய் விழுந்தது. சாத்திரக்காரர் யாராவது இந்தப் பொருத்தத்தைக் கண்டிருந்தால் சும்மா விட்டிருக்கமாட்டார்.

கல்முனையிலும் மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிலும் படித்தார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி. அதன் பிறகு அவர் எடுத்த பரீட்சைகளைக் கவனிக்கவேண்டும். கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா. 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சை. 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து பீ.எஸ்ஸி. பட்டம். பண்டிதர் பரீட்சைக்குத் தொல்காப்பியம் நெட்டுருப் போட்ட அதே வயதில் பௌதிகமும் கணிதமும் படித்திருக்கிறார். அன்றைக்குத் தமிழ் படித்தவர்கள் ஒரு பக்கமும் விஞ்ஞானம் படித்தவர்கள் மறுபக்கமும் இருந்தார்கள்; இன்றைக்கும் அப்படித்தான். எங்கள் பாடசாலை நேரசூசியிலேயே கணித பாடமும் இசைப் பாடமும் எதிரெதிர்க் கட்டடங்களில் நடக்கின்றன. யாழ் நூலை எழுத இந்த இரண்டும் ஒரே தலைக்குள் இருக்கவேண்டியிருந்தது.

மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்துவிட்டு, 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் துறவு; பெயர் சுவாமி விபுலானந்தர். மறு வருடம் இலங்கை திரும்பி மடத்துப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றார். 1929இல் மட்டக்களப்புக் கல்லடியில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. அங்கே இருந்த காலத்தில் பாரதி பாடல்களைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் கொண்டுபோனார்; பக்கத்தில் திருவேட்களத்துச் சேரிப் பிள்ளைகளுக்கு இரவுப் பாடசாலை நடத்தினார். இந்த இரவுப் பாடசாலையைப் பேச்சுப் போட்டிப் பிள்ளைகள் சொல்வதில்லை. எழுதிக் கொடுக்கும் நாங்கள் சொல்லிக் கொடுப்பதில்லை. இமயமலையில் மாயாவதி ஆச்சிரமத்தில் இருந்து 'பிரபுத்த பாரத' சஞ்சிகையின் ஆசிரியராகவும் வேலை பார்த்தார். 1943இல் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் பதவி.

ஆக, பதவிப்படி பார்த்தால் அவர் ஒருநாளும் இசைப் பேராசிரியர் அல்லர். இருந்த கதிரை தமிழுக்கு உரியது. ஆனாலும் இலங்கையின் பல்கலைக்கழகப் பேராசிரியர்களில் தமிழிசைக்கு அவர் அளவுக்குச் செய்தவர் என்று இன்னொருவரைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தமிழ் என்றால் இயலும் இசையும் நாடகமும்தான் என்று அவர் நம்பினார். நாடகத்துக்கு 1926இல் மதங்கசூளாமணி. இசைக்கு யாழ் நூல்.

யாழ் நூல் அரங்கேறியது 1947 ஜூன் 5, 6ஆம் திகதிகளில், தஞ்சைப் பக்கத்துத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில். கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. ஆற்றில் வெள்ளம் போன நாளில் ஓடம் தானே கரை சேரச் சம்பந்தர் பதிகம் பாடினார் என்று சொல்லும் தலம் அது. ஆறு கிழமை கழித்து, ஜூலை 19ஆம் திகதி கொழும்பில் விபுலானந்த அடிகள் காலமானார். உடல் கல்லடியில், அவர் எழுப்பிய பாடசாலை வளவிலேயே அடக்கம். எழுதிய நூலைப் பற்றி யாராவது கேள்வி கேட்டு அவர் பதில் சொல்லும் காலமே கிடைக்கவில்லை. அதனால்தான் அந்த நூல் படிக்கப்பட்டதைவிட அதிகமாக வணங்கப்பட்டது என்று நினைக்கிறேன்.

நூலுக்குள் இருப்பது

ஏழு இயல்கள்: பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல். எடுத்தவுடன் யாழின் படத்தைத் தேடுகிறவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது; பக்கம் பக்கமாகப் பின்னக் கணக்கு.

தொடக்கம் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை. மாதவி மேடை ஏறும்முன் ஆடலாசான், இசையாசான், யாழாசான் எல்லோரும் என்னென்ன தெரிந்தவர்களாக இருந்தார்கள் என்று இளங்கோ வரிவரியாகச் சொல்கிறார். அந்த வரிகளுக்கு அடியார்க்குநல்லார் உரை எழுதும்போது, இன்று அழிந்துபோன இசை நூல்களிலிருந்து துண்டுதுண்டாக மேற்கோள் காட்டுகிறார். பேரியாழுக்கு 21 நரம்பு, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்பன போன்ற செய்திகள் அங்கேதான் கிடைக்கின்றன. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு நரம்புக்கும், அதாவது ஏழு சுரத்துக்கும், முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என்று மாத்திரை. கூட்டினால் 22. இந்த மாத்திரையைத்தான் இன்று சுருதி என்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு பழைய வழக்கு உண்டு. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரம் வெளியிட்டு, ஒரு தானத்துக்குள், அதாவது ச முதல் மேல் ச வரை, 24 சுருதி என்று வாதாடினார். விபுலானந்தர் 22 என்ற பக்கம். இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் இரண்டு பேரும் வழக்கை நடத்திய விதம் எனக்குப் பிடித்தது. "எங்கள் முன்னோர் சொன்னார்கள், கேள்வி கேட்காதே" என்று யாரும் சொல்லவில்லை. நரம்பின் நீளத்தைப் பிரித்துக் காட்டு, காதால் கேட்டுப் பார், கணக்கு ஒத்துவருகிறதா என்று பார் என்றார்கள். அடிகளிடம் நான் எடுத்துக்கொள்வது இந்தப் பழக்கத்தைத்தான்.

யாழ் ஏன் வழக்கொழிந்தது என்பதற்கும் இங்கே ஒரு சொல். யாழில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நரம்பு. கூட்டிவைத்த சுருதியில் அது ஒலிக்கும், அவ்வளவுதான். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் கமகத்தை வீணை மெட்டில் கம்பியை இழுத்து வாசிக்கலாம். யாழில் அது இலேசில் முடியாது. சம்பந்தர் தருமபுரத்தில் "மாதர் மடப்பிடி" பாடியபோது திருநீலகண்ட யாழ்ப்பாணர் அதை நரம்பில் பிடிக்கமுடியாமல் யாழையே முறிக்கப் போனார் என்ற கதையை இந்தக் கண்ணோடு படித்தால் அது பக்திக் கதையாக மட்டும் தெரியாது. ஒரு வாத்தியம் தன் எல்லையைக் கண்ட நாளின் பதிவு அது. ஆகவே யாழை மீண்டும் செய்து மேடையில் வைப்பதால் மட்டும் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. செய்கிறவர்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல ஆசாரி கிடைத்தால் செய்யட்டும்.

கதிரை மலைக்கு வந்தது

அடிகளுக்குப் பின் அந்தக் கதிரையில் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை அமர்ந்தார். 1952இல் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு மாறியது. விபுலானந்தர் வகித்த பதவி இப்படித்தான் மகாவலிக் கரைக்கு, மலைநாட்டின் வாசலுக்கு வந்து சேர்ந்தது. 1960களில் அங்கே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்கு ஏற்றினார்; கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலி வதை என்று வரிசையாக வந்தன. மதங்கசூளாமணி எழுதிய ஆளின் கதிரை மரபு என்று பார்த்தால் பொருத்தமான தொடர்ச்சிதான்.

ஆனால் மலையகத்திலிருந்து பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. அடிகள் மறைந்த மறு வருடம், 1948இல், பிரசாவுரிமைச் சட்டம் வந்து தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில்தான். பேராதனையில் கூத்து ஆடிய காலத்தில், அந்த வளாகத்தைச் சுற்றியுள்ள மலைகளிலெல்லாம் மாசி மாதம் காமன் கூத்து நடந்துகொண்டிருந்தது. ரதியும் மன்மதனும் தப்பு என்ற பறையின் சத்தத்தில் இரவிரவாக ஆடினார்கள். பேராதனை மேடையில் ஏறியது மட்டக்களப்புக் கூத்து. அதில் குறை காண்பது என் நோக்கம் இல்லை. எவருக்கு எது தெரிந்ததோ அதைச் செய்தார்கள். தோட்டத்துப் பிள்ளை அந்த வளாகத்துக்குள் போகாதவரை தோட்டத்துக் கூத்தும் போகாது.

இன்றைக்குத் தமிழ் மொழியில் இசையில் பட்டம் எடுக்க நினைக்கும் மலையகப் பிள்ளை பெரும்பாலும் பஸ் ஏறுவது யாழ்ப்பாணத்து இராமநாதன் நுண்கலைப் பக்கமாகவோ, மட்டக்களப்பில் அடிகள் பெயரிலேயே 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கி இப்போது கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இருக்கும் நிறுவகத்துக்கோதான். அதற்கு முன் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகள். 1931இல் தொடங்கிய சபை. எங்கள் பிள்ளைகளும் தரம் தரமாக எழுதுகிறார்கள். நல்ல பரீட்சைதான். ஆனால் மேளகர்த்தா எண்ணை, அதாவது 72 தாய் இராகங்களின் வரிசை எண்ணை, மனனம் செய்வதோடு பலருக்கு இசையின் கணக்கு முடிந்துவிடுகிறது.

பலகையும் கம்பியும்

கருவி இதுதான்: தோட்டத்து ஆசாரி இழைத்துத் தந்த ஒரு நீளப் பலகை. இரண்டு ஓரத்திலும் ஆணி. ஒரு பக்கம் கிற்றாரின் பழைய திருகு ஒன்று. ஹற்றனில் வாங்கிய கிற்றார்க் கம்பி, சுற்று இல்லாத மெல்லியது. இரண்டு மரக் கட்டைகளுக்கு நடுவே கம்பி தொங்கும் நீளம் சரியாக 60 சென்ரிமீற்றர். கம்பிக்குக் கீழே பலகையில் ஒட்டிய வெள்ளைத் தாள். நகர்த்துவதற்கு ஒரு முக்கோணப் பென்சில் துண்டு.

பென்சில் துண்டில்தான் சூட்சுமம். அது ஓரத்துக் கட்டைகளைவிட உயரமாக இருந்தால் கம்பி இழுபட்டுச் சுருதி ஏறிவிடும், அளவெல்லாம் பொய்யாகும். தாழ்ந்தால் கம்பி அதில் படாமல் இரையும். மயிரிழை உயரம் கூட இருக்கவேண்டும். ஒரு பிள்ளை பழைய கொப்பித் தாளை மடித்து மடித்து அடியில் வைத்துச் சரிசெய்தாள். காலைப் பனியில் கூட்டிய சுருதி பத்து மணி வெயிலில் இறங்கிவிடும் என்பதும் சீக்கிரமே தெரிந்துபோனது. அதனால் எந்த அளவு எடுத்தாலும் முதலில் திறந்த கம்பியைச் சுருதிப்பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பழக்கமாயிற்று.

முதல் வேலை காதுக்கு. திறந்த கம்பி ச. "பஞ்சமம் எங்கே வரும் என்று பாடிக்கொண்டே பென்சிலை நகர்த்து" என்றேன். யாரும் அடிமட்டத்தைப் பார்க்கக்கூடாது. மாரியம்மன் கோயில் பசனையில் சின்ன வயதிலிருந்து பாடுகிற பிள்ளைகள். பென்சில் ஒவ்வொரு முறையும் 40 சென்ரிமீற்றருக்கு ஒட்டியே போய் நின்றது. மத்தியமம் 45இல். மேல் ச 30இல். அதன் பிறகுதான் கணக்குக் கொப்பியைத் திறந்தோம். 60இல் மூன்றில் இரண்டு 40. நான்கில் மூன்று 45. பாதி 30. கணிதத்தில் எப்போதும் பின்வாங்குகிற ஒரு பெடியன் எழுந்து, "அப்ப சேர், நாங்க பாடுறப்பவே பின்னம் போட்டுக்கிட்டுதான் இருக்கோமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

அடுத்தது இளிக்கு இளி; இளி என்றால் பஞ்சமம். பஞ்சமத்தைப் புது ச ஆக்கி அதற்குப் பஞ்சமம், பிறகு அதற்குப் பஞ்சமம் என்று ஏறிக்கொண்டே போவது. மூன்றில் இரண்டால் பெருக்கு. 30க்குக் கீழே போனால் இரட்டிப்பாக்கி அதே தானத்துக்குள் கொண்டுவா. 60, 40, 53.3, 35.6, 47.4 என்று தாளில் கோடுகள் விழுந்தன. சிலப்பதிகார உரை பன்னிரண்டு இராசிகளை வட்டமாக வைத்து நரம்புகளை நிறுத்தும் வட்டப்பாலையை அருகே கரும்பலகையில் வரைந்திருந்தேன். பன்னிரண்டாவது அடியில் வட்டம் மூடவேண்டும், 30இல் வந்து நிற்கவேண்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வந்தது 29.6. திரும்பப் போட்டார்கள். திரும்பவும் 29.6.

"அந்த நாலு மில்லிமீற்றர் எங்க சேர் போச்சு?"

ஒரு இசை வகுப்பில் இதைவிட நல்ல கேள்வி எனக்கு வந்ததில்லை. எங்கேயும் போகவில்லை, மூன்றை மூன்றால் பெருக்கிக்கொண்டே போனால் வரும் எண்களும் இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் வரும் எண்களும் ஒருநாளும் சந்திக்கமாட்டா, அதனால் இளி வட்டம் ஒருநாளும் சரியாக மூடாது. இந்த மிச்சத்தை என்ன செய்வது என்பதுதான் உலகத்துச் சுருதி வழக்குகளுக்கெல்லாம் வேர். ஹார்மோனியத்தைச் சுருதி கூட்டுகிறவர் இந்த மிச்சத்தைப் பன்னிரண்டு இளிக்கும் பங்கு போட்டு, ஒவ்வொன்றையும் ஒரு துளி குறைத்துவிடுகிறார். எங்கள் கம்பியில் ஒரு பஞ்சமத்துக்கு அரை மில்லிமீற்றர்கூட வராது, காது பொறுத்துக்கொள்ளும்.

ஆனால் காந்தாரத்தில் காது பொறுக்கவில்லை. இளி ஏற்றத்தில் வந்த காந்தாரம் 47.4. பிள்ளைகள் ச வைத் தொடர்ந்து மீட்டிக்கொண்டு காதால் பிடித்த காந்தாரம் 48க்குப் பக்கத்தில் நின்றது. ஆறு மில்லிமீற்றர் இடைவெளி, கண்ணுக்கே தெரிகிற அளவு. எது சரி என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தியது. இரண்டும் சரிதான், இரண்டுக்கும் இடையில் இருக்கும் இந்தத் துளியைத்தான் ஒரு சுருதி என்கிறார்கள், இப்படி எண்ணிக்கொண்டு போய்த்தான் 22 என்ற எண் வருகிறது என்று சொன்னபோது யாரும் கொட்டாவி விடவில்லை. 22 என்று புத்தகத்தில் படித்து நானே மனனம் செய்த காலம் நினைவுக்கு வந்தது.

பரீட்சைக்கு உதவியது அதற்கு அடுத்த படி. தாளில் செம்பாலை என்ற பழைய ஏழு சுர வரிசைக்குரிய ஏழு கோடுகளை மட்டும் சிவப்பில் விட்டோம். செம்பாலை இன்றைய அரிகாம்போதி என்பது இப்போது பெரும்பாலோர் கொள்ளும் கருத்து. கோடுகளை அசைக்காமல், ரி ஐ ச என்று வைத்துப் பாடினால் நடபைரவி. ம வை வைத்தால் சங்கராபரணம். ப வை வைத்தால் கரகரப்பிரியா. த வை வைத்தால் தோடி. நி ஐ வைத்தால் கல்யாணி. க வை வைத்தால் மட்டும் பஞ்சமம் இல்லாமல் இரண்டு மத்தியமம் வரும். 72 மேளத்துக்குள் அதற்கு இடமில்லை. சிலப்பதிகாரத்தில் அதற்கும் பெயர் உண்டு, செவ்வழிப்பாலை. 8, 20, 22, 28, 29, 65 என்று தொடர்பே இல்லாத எண்களாக நெட்டுருப் போட்ட இராகங்கள் ஒரே வீட்டுச் சகோதரங்கள் என்று பிள்ளைகள் கண்டது அன்றைக்குத்தான். பாலைத்திரிபியல் என்ற பெயரைக் கேட்டாலே பயப்படுகிற ஆசிரியர்களுக்கு இதைச் சொல்கிறேன்: சிவப்புப் பேனாவும் ஒரு கம்பியும் போதும்.

தப்பு

முறை முட்டி நின்ற இடம் இது.

வகுப்பில் ஒரு பெடியனின் குடும்பம் தலைமுறையாகத் தப்பு அடிப்பவர்கள். திருவிழா, காமன் கூத்து, சாவு, முந்தி பெரட்டுக்கு (காலை வேலைப் பதிவுக்கு) ஆள் கூப்பிட விடியற்காலையில் அடித்த தப்பு, எல்லாம் அவர்கள் கைதான். கம்பியின் சுருதி வெயிலில் இறங்குகிறது என்று பேசிக்கொண்டிருந்தபோது, "தப்புக்கு ஏறும் சேர்" என்றான். பனியில் தோல் நமுத்து மத்தென்று இருக்கும்; காய்ந்த மானாப்புல்லைக் கொளுத்திச் சூடு காட்டினால் தோல் விறைத்து ணங்கென்று கேட்கும்; ஆட்டம் நீண்டால் நடுவில் திரும்பவும் சூடு காட்டவேண்டும். எப்போது போதும் என்று அவன் மாமா விரல் நகத்தால் தட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவாராம். சுருதி கூட்டுதல் என்றால் இதுவும் அதுதான்.

யாழ் நூலில் இதற்கு இடமில்லை. அது நரம்புக் கருவிக்கும் பண்ணுக்கும் தேவாரத்துக்கும் எழுதிய நூல். அடிகள் எடுத்துக்கொண்ட எல்லை அது. எனக்குள்ள குறை நூலின் மீது இல்லை. நூலைச் சுற்றி நாம் கட்டிய 'தமிழிசை' என்ற வேலிக்குள் யாழும் தேவாரமும் மட்டும் வந்து, தப்பும் கும்மியும் தெம்மாங்கும் வெளியே நின்றுவிட்டன. எங்கள் பாடசாலையில் வீணைக்கு ஒரு அலுமாரி உண்டு. தப்பு வந்தால் விளையாட்டுப் போட்டி நாளில் மைதானத்தோடு சரி.

அந்தப் பெடியனின் அப்பாவை வீட்டில் போய்ப் பார்த்தேன். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) முன் திண்ணையில் இருக்கச் சொன்னார், பிளேன்டீ வந்தது. தப்பை வகுப்புக்குக் கொண்டுவரலாமா, அவரும் வந்து ஒருநாள் அடித்துக் காட்டலாமா என்று கேட்டேன். மரியாதையாகத்தான் சொன்னார்: "சேர், கோவிச்சுக்காதீங்க. புள்ள வீணை படிக்கட்டும், வயலின் படிக்கட்டும். தப்பு எங்களோட போகட்டுங்க."

இதற்கு எதிர்வாதம் பண்ண எனக்கு வாய் வரவில்லை. தப்புக் குச்சியோடு எந்தச் சாதிப் பெயர் ஒட்டிக்கொண்டு வருகிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கலை, பண்பாடு, பாரம்பரியம் என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்தப் பெயரைச் சுமக்கப் போவதில்லை. திருவேட்களத்துச் சேரிக்கு இரவில் விளக்கோடு போன பேராசிரியரின் படத்தை மாட்டியிருக்கும் மண்டபத்தில், தப்பு அடிப்பவரின் மகனை மேடையில் என்ன பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவோம் என்று முதலில் நாங்கள் தீர்மானிக்கவேண்டும். தப்பு வகுப்புக்கு வரவில்லை. பெடியன் வந்துகொண்டிருக்கிறான். மிருதங்கச் சொல்லுக்கட்டை அவன் மற்றவர்களைவிட வேகமாகப் பிடிப்பதை எல்லோரும் கவனித்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

தாலாட்டு

தப்பு வராத இடத்தில் தாலாட்டு வந்தது. பென்சில் துண்டுக்கு அடியில் தாள் மடித்த பிள்ளை, தன் அம்மாயி பாடிய தாலாட்டைப் போனில் பதிவுசெய்து கொண்டுவந்தாள். அம்மாயி கொழுந்து எடுத்து ஓய்ந்தவர். தம்பி பிறந்தபோது தொட்டிலாட்டப் பாடியது. இது என்ன இராகம் என்பது அவள் கேள்வி. நான் கேட்டவுடன் கரகரப்பிரியாச் சாயல் என்று சொல்ல வாய் எடுத்தேன், பிள்ளைகள் விடவில்லை. கம்பியில் பார்ப்போம் என்றார்கள்.

அம்மாயியின் ஆதார சுருதிக்குத் திறந்த கம்பியைக் கூட்டினோம். பதிவைச் சின்னச் சின்னதாக ஓடவிட்டு, ஒரு பிள்ளை கம்பியை மீட்ட, இன்னொரு பிள்ளை பென்சிலை நகர்த்தினாள். பாட்டில் மொத்தம் நான்கே சுரம், மேலே பஞ்சமத்தைத் தாண்டுவதில்லை. பஞ்சமம் 40இல் பிசகாமல் நின்றது. மத்தியமம் 45. காந்தாரம்தான் வம்பு பண்ணியது. சாதாரண காந்தாரமாக இருந்தால் 50க்குப் பக்கத்தில் வரவேண்டும். அந்தர காந்தாரமாக இருந்தால் 48. அம்மாயியின் காந்தாரம் 49ஐச் சுற்றி நின்றது. இறங்கும்போது ஒரு மயிர் கீழே, ஏறும்போது ஒரு மயிர் மேலே, ஆனால் இரண்டு பக்கத்து வீட்டுக்கும் போகவில்லை.

"அம்மாயிக்குச் சுருதி சேரலையா?" என்றான் ஒருவன். பஞ்சமமும் மத்தியமமும் அச்சு மாதிரி நிற்கும்போது காந்தாரத்தில் மட்டும் எப்படிச் சேராமல் போகும் என்று அந்தப் பிள்ளை சண்டைக்குப் போனாள். வேறு நாள் திரும்பவும் பாடவைத்துப் பதிவுசெய்து வந்தாள். ஆதார சுருதி கொஞ்சம் ஏறியிருந்தது. கம்பியை அதற்கேற்பக் கூட்டிப் பார்த்தோம். காந்தாரம் அதே 49.

ஏழு பாலையில் எதிலும் இதற்குச் சரியான கோடு இல்லை. பாட்டைச் சுரப்படுத்தி எழுதும்போது சாதாரண காந்தாரம் என்று போடுவதா, அந்தரம் என்று போடுவதா என்று வாக்குவாதம் நடந்தது. கடைசியில் பிள்ளைகளே ஒரு வழி கண்டார்கள்: ச, ம, ப வழக்கம்போல, காந்தாரத்துக்கு எழுத்துப் போடாமல் 49 என்று எண்ணையே எழுதிவிட்டார்கள். இப்போது வேறு லயங்களிலிருந்தும் தாலாட்டும் ஒப்பாரியும் போனில் வருகின்றன. எல்லா அம்மாயிமாருக்கும் இதே காந்தாரம்தானா, அல்லது இந்த ஒருவருக்கு மட்டுமா என்று பார்க்கும் வேலை நடக்கிறது. கிற்றார்க் கம்பி இரண்டு தரம் அறுந்துவிட்டது, அடுத்த முறை ஹற்றன் போகும்போது கூட வாங்கிவரவேண்டும்.